உங்களுக்குத் தெரியுமா? ராயபுரம் முதல் எண்ணூர் வரை: சொற்கள் செய்த வேலை

அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் மட்டும்தான் இருக்கும். ஊர் வாயில் புழங்கும்போதுதான் அதில் மரியாதை ஏறும், இளக்காரம் ஏறும், பயமும் பாசமும் ஏறும். எந்தச் சொல்லை எடுத்தார் என்பதை வைத்தே எழுதியவர் யார் பக்கம் நின்றார் என்று சொல்லிவிடலாம். இந்த வாரம் வடசென்னைக் கடற்கரையோரமாக, ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை, அப்படிப்பட்ட சில சொற்களைப் பார்ப்போம்.

ஓலையில் நுழைந்த இரண்டு சொல்

திருவொற்றியூர் சிவனுக்கு 'எழுத்தறியும் பெருமான்' என்று ஒரு பெயர் உண்டு. எல்லா ஊர்களுக்கும் வரி விதித்து அரசன் ஓலை எழுதச் சொன்னானாம். ஓலையை எடுத்துப் படித்தபோது இரண்டு வரிகளுக்கு நடுவில் யாரும் எழுதாத எழுத்து ஒன்று இருந்ததாம்: 'ஒற்றியூர் நீங்கலாக'. இறைவனே எழுதியது என்பது தலக்கதை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இந்தக் கதையைக் கட்டியவர்களுக்கு அரசாங்க எழுத்தின் சூட்சுமம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆணை முழுக்க ஊரை அழுத்தினாலும், அதில் 'நீங்கலாக' என்ற ஒரு சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான் பிழைப்பு இருக்கிறது. இன்றைக்கும் எந்த அரசாணையைப் படித்தாலும் 'நீங்கலாக', 'தவிர', 'உட்பட்டு' இந்த மூன்றையும் முதலில் தேடுங்கள்.

காலடியா, காலாடியா?

மெட்ரோவில் திருவொற்றியூர் போகிறவர்கள் காலடிப்பேட்டை நிலையத்தைத் தாண்டியிருப்பீர்கள். கால், அடி இரண்டுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. காலெட் பேட்டை தமிழ் நாக்கில் காலாடிப்பேட்டை ஆனது. தமிழில் 'காலாடி' என்றால் வேலை வெட்டி இல்லாமல் சுற்றுகிறவன். தறியில் கால் மிதித்துப் பிழைத்தவர்களின் ஊருக்கு இப்படி ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பலகையில் இப்போது 'காலடி' என்றிருக்கிறது. ஒரு நெடில் குறிலானதில் ஊரின் மானம் ஓரளவு திரும்பியிருக்கிறது.

தொண்டியிலிருந்து வந்தவர்

தண்டையார்பேட்டையில் தண்டை செய்த தட்டார்களைத் தேடாதீர்கள். சூஃபி ஞானியும் தமிழ்ப் புலவருமான குணங்குடி மஸ்தான் சாகிபு ராமநாதபுரம் பக்கத்துத் தொண்டிச் சீமையிலிருந்து வந்து இங்கே தங்கினார். ஊரார் அவரைத் 'தொண்டியார்' என்றார்கள். தொண்டியார்பேட்டைதான் தண்டையார்பேட்டை ஆனது. அவருடைய தர்கா ராயபுரத்தில் இருக்கிறது.

ஒரே புனிதர், இரண்டு பெயர்

'இராயப்பர்' என்று ஒருவர் சொன்னால் அவர் கத்தோலிக்கர். 'பேதுரு' என்றால் பெரும்பாலும் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். இரண்டும் ஏசுவின் அதே சீடரைத்தான் குறிக்கும். படகுக்காரர்கள் கட்டிய புனித இராயப்பர் கோயிலால்தான் ராயபுரம் அந்தப் பெயரைப் பெற்றது. ராயர், ராஜா யாரும் அதில் இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது இந்த ராயபுரத்திலிருந்துதான்.

கறுப்பர் நகரம்

ஜார்ஜ் டவுனுக்கு முந்தைய பெயர் பிளாக் டவுன். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம் என்று கும்பினிக்காரர்கள் வரைபடத்திலேயே நிறத்தை எழுதிவைத்திருந்தார்கள். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தில் பெரும்பகுதியை இடித்தார்கள். 1749ல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள் மீதியை மெல்ல அப்புறப்படுத்தினார்கள். இன்று உயர்நீதிமன்றம் நிற்பது அந்த மண்ணில். வடக்கே தள்ளி வளர்ந்த நகருக்கும் அதே பெயர் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஐந்தாம் ஜார்ஜின் பெயரை வைத்தார்கள். இழிவாக வைத்த பெயர் போனது, ஆண்டவன் பெயர் வந்தது. அங்கே சுமை தூக்கியவர் பெயர் எதிலும் இல்லை. பிற்பாடு எழுத்தாளர் கரன் கார்க்கி 'கறுப்பர் நகரம்' என்றே தன் நாவலுக்குப் பெயர் வைத்தார். அடுத்தவர் வைத்தபோது இழிவாக இருந்த சொல் நம்மவர் எடுத்து வைத்தபோது தலைநிமிர்ந்தது.

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னைப் பெரியவர்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1780களின் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது. ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் பின்னால் வந்தது. கேட்பவருக்கு ஏழ்மையின் பெயராகப் படலாம். பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது நன்றியின் பெயர். ஒரே சொல்லை இரண்டு காதுகள் இரண்டு விதமாகக் கேட்கின்றன.

குந்தினால் என்ன குறை?

'மெட்ராஸ் பாஷை' என்ற பெயரிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. மதுரையில் பேசுவது மதுரைத் தமிழ், நெல்லையில் பேசுவது நெல்லைத் தமிழ், கோவையில் பேசுவது கொங்குத் தமிழ். சென்னையில் பேசுவது மட்டும் 'பாஷை'. அது தமிழே இல்லை என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். காசிமேட்டில் ஓர் அம்மா, "இப்புடிக் குந்து நைனா" என்று இடம் காட்டினால் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'குந்து' பழைய தமிழ்ச் சொல். "குந்தித் தின்றால் குன்றும் மாளும்" என்று பழமொழியில் வரும்போது அதே சொல்லை மேடையில் கௌரவமாகச் சொல்கிறோம். மாறியது சொல்லின் பொருளா? சொன்ன ஆளின் தெரு மட்டும்தான் மாறியிருக்கிறது.

'கஸ்மாலம்' இன்னும் வியப்பான கதை. சினிமாவில் ரிக்‌ஷாக்காரர் வாயில் வசவாகக் கேட்டிருப்பீர்கள். அது 'கச்மலம்' என்ற சமஸ்கிருதச் சொல். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில், வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனைப் பார்த்துக் கண்ணன் அவன் மனச்சோர்வைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல்லும் இதுதான். அங்கே உபதேசம், இங்கே வசவு.

'பேமானி' உருதுவில் நேர்மைக்கேட்டைக் குறிக்கும் சொல். 'தௌலத்து' என்றால் செல்வம், அதிகாரம். இங்கே வந்ததும் அது செல்வத்தால் வந்த திமிரைக் குறிக்கத் தொடங்கியது. "ரொம்ப தௌலத்தா பேசுறான்" என்றால் பணக்காரன் என்று பொருளில்லை, மேலே நின்று பேசுகிறான் என்று பொருள். துறைமுகத்தில் கூலிக்கு நின்றவர்கள் கண்ட செல்வம் எப்படிப் பேசியது என்பதை இந்தப் பொருள் மாற்றம் சொல்லிவிடுகிறது. கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வடசென்னைப் பாத்திரம் வந்ததும் சிரிப்புக்காக இந்தச் சொற்களைத் தூவாதீர்கள். இவை கோபத்துக்கும் அழுகைக்கும் தாலாட்டுக்கும் புழங்கும் சொற்கள்.

பரம்பரை என்றால் ரத்தமா?

வடசென்னைக் குத்துச்சண்டையில் 'பரம்பரை' என்றால் ஒரே வாத்தியாரிடம் பயின்றவர்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்பவை பயிற்சியால் சேர்ந்த கூட்டங்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் 2021ஆம் ஆண்டு 'சார்பட்டா பரம்பரை' படத்துக்குப் பிறகு இது ஊரறிந்த செய்தி. மற்ற இடங்களில் பிறப்பைச் சொல்லிப் பெருமை பேசும் சொல்லை இங்கே உழைப்பைச் சொல்லிப் பெருமை பேசும் சொல்லாக மாற்றியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொருள் மாற்றம் இது.

ஏறிய சொல், இறங்கிய சொல்

நம் 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரன்' ஆனது. இங்கே அது மரங்களைச் சேர்த்துக் கட்டிய ஏழை மீனவரின் கலம். அங்கே இரண்டு அடிப்பாகம் கொண்ட பந்தயப் படகு, சொகுசுப் படகு. காசிமேட்டில் 'கடம்பா' என்று கூறு போட்டு விற்பது நட்சத்திர ஓட்டல் தட்டில் 'கலமாரி' ஆகும்போது விலையும் ஏறிவிடுகிறது. மீன் அதே மீன்.

குப்பம், சேரி, காலனி

எண்ணூரைச் சுற்றி நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம், சிவன்படைக் குப்பம் என்று வரிசையாக ஊர்கள். குப்பம் என்றால் கடற்கரைச் சிற்றூர். ஊர்க் கட்டுப்பாடும் பஞ்சாயத்தும் கோயிலும் திருவிழாவும் உள்ள முழுமையான ஊர். நகரம் வளர்ந்து குப்பங்களைச் சூழ்ந்த பிறகு அந்தச் சொல்லுக்கு 'குடிசைப் பகுதி' என்ற பொருள் வந்து ஏறியது. நூற்றாண்டுகளாகக் கரையில் வாழ்ந்தவர்கள் ஒரு சொல்லின் நிறமாற்றத்தால் நேற்று வந்து ஒண்டியவர்களைப் போலப் பார்க்கப்படுகிறார்கள். செய்தியில் "குப்பத்தைச் சேர்ந்த வாலிபர்" என்று எழுதும்போது ஊரைச் சொல்கிறோமா, குற்றத்துக்கு முன்னுரை எழுதுகிறோமா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

'சேரி' பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் எந்தக் குடியிருப்பையும் குறித்தது. பார்ப்பனச்சேரி என்றுகூடக் கல்வெட்டுகளில் உண்டு. சாதி அதை ஒரே ஒரு திசைக்குத் தள்ளிவிட்டது. அதற்குப் பதிலாக வந்த 'காலனி' என்ற ஆங்கிலச் சொல்லும் சில ஆண்டுகளில் அதே சுமையைச் சுமக்கத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல முடிவு. ஆனால் பார்வை மாறாமல் சொல்லை மட்டும் மாற்றினால் புதுச் சொல்லிலும் அழுக்குப் படியும் என்பதற்குச் 'சேரி'க்குப் பின் 'காலனி' வந்த கதையே சாட்சி.

இதே வரிசையில் ஓர் அலுவலகத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். 1970ல் மு. கருணாநிதி ஆட்சியில் தொடங்கிய வாரியத்துக்கு ஆங்கிலப் பெயர் 'ஸ்லம் கிளியரன்ஸ் போர்டு', அதாவது அகற்றும் வாரியம். தமிழ்ப் பெயர் 'குடிசை மாற்று வாரியம்'. ஒரே வாரியம், ஒரே நாளில் பிறந்தது. ஆங்கிலம் படித்தவருக்கு அது அப்புறப்படுத்த வருகிறது. தமிழ் படித்தவருக்கு அது குடிசைக்குப் பதிலாக வீடு தர வருகிறது. இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தந்த காலங்களில் அது தமிழ்ப் பெயருக்கு நியாயம் செய்தது. ஊருக்கு வெளியே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களை அனுப்பியபோது ஆங்கிலப் பெயருக்கு நியாயம் செய்தது. 2021ல் அது 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆகிவிட்டது. 'வாழ்விடம்' நல்ல சொல். அந்தச் சொல்லுக்குள் வேலை செய்யும் இடம், பிள்ளைகளின் பள்ளி, கடல் எல்லாம் அடங்கும். அந்தப் பொருளிலேயே அதை நடத்தும்படி கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

தூய்மைப் பணியாளர்

'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் தமிழக அரசு 2020ல் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்கக் கூடாது, பணி நிரந்தரம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பெயரில் மரியாதை வந்துவிட்டது. அவர்கள் கேட்டது 'நிரந்தரம்' என்ற இன்னொரு சொல்லை.

ஒன்று என்றால் தொடக்கமா?

இந்தக் கரையில் எண்களும் சொற்களைப் போலப் பேசும். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்கள் 1 முதல் 11 வரை. 1ஆம் எண் வெகு தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதைச் சொல்கிறது. 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயம். 11 வந்தால், வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும்விடப் பயங்கரமான செய்தி, செய்தி வரவில்லை என்பதுதான்.

சீறியது யார்?

ராயபுரம், திருவொற்றியூர்க் கரையில் வீடு இடிந்தால் செய்தியில் இரண்டு சொல் தவறாமல் வரும்: 'கடல் சீற்றம்', 'கடல் அரிப்பு'. இரண்டிலும் குற்றவாளி கடல். நடந்ததைப் பாருங்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870களில் தொடங்கிச் சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்ததும் அந்த மணல் அங்கேயே தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரம் தொடங்கிக் கரை கரைந்தது. மெரினாவில் நாம் காற்று வாங்கும் மணலும் வடக்கே காணாமல் போன தெருக்களும் ஒரே கணக்கின் வரவும் செலவும். 'துறைமுகச் சுவரால் கரை இழப்பு' என்று எழுதினால் படிப்பவருக்குக் கேள்வி பிறக்கும்: யார் ஈடு செய்வது? 'கடல் சீற்றம்' என்று எழுதினால் அந்தக் கேள்வி பிறக்க வழியில்லை.

கரையைக் காக்கக் கடலுக்குள் கல் கொட்டி அமைப்பதற்குத் தமிழில் 'தூண்டில் வளைவு' என்று பெயர் வைத்தார்கள். வடிவத்தைப் பார்த்து வைத்த அழகான பெயர், மீனவருக்கும் பொறியாளருக்கும் ஒரே நொடியில் விளங்கும். கலைச்சொல் ஆக்குகிறவர்களுக்கு இது நல்ல பாடம்.

கழியும் கழிவும்

கடலும் ஆறும் கலக்கும் உப்புநீர்ப் பரப்புக்குப் பழந்தமிழ்ப் பெயர் 'கழி'. நெய்தல் நிலப் பாடல்களில் கழி என்றால் நெய்தல் பூ, தாழை, நாரை, மீன். தாழங்குப்பம் என்ற பெயரில் அந்தத் தாழை இன்னும் இருக்கிறது. இன்று 'எண்ணூர் கழிமுகம்' என்று வானொலியில் கேட்பவருக்குக் காதில் விழுவது 'கழிவு'. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் அந்தக் காதுக்கு ஆதாரம் கொடுத்துவிட்டன. மீனவர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்களுக்கு அது 'ஆறு'. "ஆத்துல எறா இல்லண்ணா" என்பார்கள். ஆறு என்று எழுதினால் அதைக் காப்பாற்றத் தோன்றும். கழிமுகத்து உவர்நிலம் என்று எழுதினால் அதில் எதையாவது கட்டத் தோன்றும்.

சாம்பல் குளம்

வடசென்னை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து குழாயில் கொண்டுபோய்க் கொட்டும் இடத்துக்குப் பெயர் 'சாம்பல் குளம்'. அதன் ஓரத்தில் இருக்கும் ஊர் செப்பாக்கம். காற்றடித்தால் சோற்றில் சாம்பல் விழும் ஊர். குளம் என்றால் நமக்குப் படித்துறை, தாமரை, குளியல். அத்தனை நல்ல நினைவுகளையும் ஒரு கொட்டுமிடத்துக்குக் கடன் கொடுத்துவிட்டோம். 'சாம்பல் கொட்டுமிடம்' என்று எழுதுவதில் என்ன தடை?

கசிந்ததா, கொட்டியதா?

2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும் 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. அன்றே வந்த துறைமுக அறிக்கை, எண்ணெய் மாசு போன்ற சுற்றுச்சூழல் பாதிப்பு எதுவும் இல்லை என்றது. அடுத்த நாள்களில் எர்ணாவூர்க் கரையின் பாறைகளுக்கு நடுவே கன்னங்கரேலென்று எண்ணெய் வந்து தேங்கியது. தார் போலக் கெட்டியாக, மணலும் கடல்நீரும் கலந்து, இறைப்பு எந்திரத்தின் குழாயில் ஏறாத அளவுக்குக் கனமாக இருந்தது. கடலோரக் காவல்படையினரும் மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் பாறைமேல் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றிக் கரையேற்றினார்கள். முழங்கை வரை கருப்பு. எத்தனை சோப்பு போட்டாலும் வாடை போகவில்லை.

அந்த நாள்களின் செய்திகளில் இரண்டு சொல் ஓடின. ஒன்று 'எண்ணெய்க் கசிவு', மற்றொன்று 'எண்ணெய்ப் படலம்'. பானை கசியும், கண் கசியும், மனம் கசியும். கசிவு என்றால் துளித்துளியாக, யாரும் கவனிக்காதபோது, யாருடைய குற்றமும் இல்லாமல் நடப்பது. படலம் என்றால் மெல்லியது, ஊதினால் விலகுவது. வாளியில் அள்ளிய ஒன்றுக்கு இந்த இரண்டு சொல்லும் பொருந்துமா? 'எண்ணெய் கொட்டியது' என்பதே நடந்தது. கொட்டியது என்றால் உடனே "எவ்வளவு? எந்தக் கப்பலில் இருந்து?" என்று அடுத்த கேள்வி வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் ஆற்றுக்கு வந்தபோதும் பல தலைப்புகளில் 'கசிவு'தான். வலையும் படகும் வீட்டுச் சுவரும் கருத்துப்போன குடும்பங்கள் காட்டுக்குப்பத்தில் அந்தத் தலைப்பைப் படித்தன.

நள்ளிரவின் 'இயல்பு மாற்றம்'

அதே 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன், எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக்குக் கப்பலில் இருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயிலிருந்து வாயு வெளியேறியது. கண் எரிந்து மூச்சு அடைத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். சுனாமி வந்த அதே தேதி என்பதால் அச்சம் இரட்டித்தது. ஆலையின் ஆங்கில அறிக்கையோ, குழாயில் இயல்புக்கு மாறான ஒன்றைக் கவனித்ததாகத் தொடங்கியது. வாயு என்ற சொல்லும் மக்கள் என்ற சொல்லும் முதல் வரியில் வந்திருக்க வேண்டும். விபத்துச் செய்தியைத் திருத்துகிற உதவி ஆசிரியர்கள் நிறுவன அறிக்கையின் பெயர்ச்சொற்களைப் பிரித்து வினைச்சொற்களாக்கிப் பார்த்தால் நடந்தது வெளியே வந்துவிடும்: எது உடைந்தது, எது வெளியே வந்தது, யார் மூச்சுத் திணறினார்கள்.

புறம்போக்கு

கடைசியாக, இந்தக் கரையிலேயே அதிகம் அடிபட்ட சொல். "பொறம்போக்கு!" என்று திட்டினால் எதற்கும் உதவாதவன் என்று பொருள். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது வசவு இல்லை. தனியாருக்குப் பட்டா இல்லாத, தீர்வை விதிக்காமல் பொதுப் பயன்பாட்டுக்கென்று புறத்தே வைத்த நிலம். ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு என்று வகைகளைச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் குடிப்பது முதல் மண்ணில் போவது வரை ஓர் ஊரின் வாழ்க்கை முழுக்க இதில் நடக்கிறது.

வரி தராத நிலம் என்பதால் வருவாய் எண்ணும் கண்ணுக்கு அது வெறும் நிலமாகத் தெரிந்தது. வெறும் நிலம் வீண் நிலமானது, வீண் நிலத்தின் பெயர் வீண் மனிதனுக்கு வசவானது. வசவாகிப் போன பெயரைக் கொண்ட நிலத்தைக் காப்பாற்ற யாருக்கு மனம் வரும்? ஒரு சொல் இழிந்ததால் நிலம் பறிபோனதா, நிலத்தைப் பறித்ததால் சொல் இழிந்ததா என்றால், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போயின என்பதே என் எண்ணம்.

அரசுக் குறிப்புகளில் இன்னும் நுணுக்கம் உண்டு. நீர்நிலை, சாலை, மேய்ச்சல் போன்றவை 'ஆட்சேபணையுள்ள புறம்போக்கு'. அங்கே வீட்டுமனைப் பட்டா கிடைக்காது. மற்றவை 'ஆட்சேபணையற்ற புறம்போக்கு'. எண்பது சதுர அடிக் குடிசைக்கு நோட்டீஸ் வரும்போது 'ஆக்கிரமிப்பு' என்று எழுதுவார்கள். ஆற்றின் அலைவாய் நிலத்தில் பெரிய கட்டுமானம் எழும்போது அதற்கு 'விரிவாக்கம்' என்று பெயர். நிலத்தின் வகை ஒன்றாகவே இருக்கும்.

சொல்லை மீட்கவும் சிலர் உழைத்திருக்கிறார்கள். இயக்குநர் எஸ்.பி. ஜனநாதன் 2015ல் தன் படத்துக்குப் 'புறம்போக்கு என்கிற பொதுவுடமை' என்று பெயர் வைத்தார். இரண்டு சொற்களையும் பக்கத்தில் நிறுத்தியதே ஒரு வாதம். 2017 ஜனவரியில், கப்பல்கள் மோதுவதற்குச் சில நாள் முன்பு, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர் ஆற்றங்கரையில் சாம்பலுக்கு நடுவே நின்று பாடிய 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்' வெளியானது. வரிகள் கபேர் வாசுகி எழுதியவை. சபாவில் நுழைய முடியாத சொல்லைக் கர்நாடக ராகங்களில், சென்னைத் தமிழிலேயே அவர் பாடினார். 'பொறம்போக்கு' என்ற சொல்லைத் திட்டாகவே அறிந்திருந்த பல இளைஞர்கள் அதன் பழைய பொருளை முதன்முறையாகக் கேட்டது அந்தப் பாட்டில்தான். உச்ச நீதிமன்றமும் 2011ல் ஜக்பால் சிங் வழக்குத் தீர்ப்பில், ஊர்ப் பொதுநிலங்களின் பல மாநிலப் பெயர்களை வரிசைப்படுத்தியபோது புறம்போக்கு என்ற நம் சொல்லையும் எழுதியது. அப்படிப்பட்ட நிலங்களை ஊர்ப் பொதுவுக்கே மீட்டுத் தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

உங்கள் ஊரில் இந்தச் சொல் எங்கெங்கே எழுதியிருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேடு வரும். நகரப் பகுதியென்றால் நகர நிலஅளவைப் பதிவேடு. அதில் ஏரி, ஓடை, மேய்க்கால் என்று பதிந்திருக்கும் இடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் இன்று அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததை ஊராட்சியின் கிராம சபையிலோ மாநகராட்சியின் பகுதி சபையிலோ பதிவேட்டுப் பக்கத்தோடு சேர்த்து வாசித்துப் பதியச் சொல்லுங்கள்.